இடுப்புக் குழந்தை

சென்னை,
2-3-1936

மூக்கம்மாளுக்கு,

நான் இங்கே சுகமாக இருக்கிறேன். நீயும் பாப்பா சங்கிலியும் உன் அண்ணன் குருசாமியும் சுகமாக இருப்பதற்குப் பதில் போடவும்.

நாடகக் கம்பெனி இந்த வருஷம் முழுக்கச் சென்னையில்தான். எனக்கு வேலைக்குக் குறைவில்லை. அரண்மனைத் திரை, காட்டுத் திரை, தெருத் திரை, நந்தவனத் திரை. ஒன்று கிழிந்தால் அதே மாதிரி இன்னொன்று. வந்த புதிதில் இருந்த கை இப்போது எனக்கு இல்லையோ என்று பயமாக இருந்தது.

போன வாரம் நாடகம் இல்லாத ஒரு நாள் எழும்பூர் மியூசியத்துக்குப் போனேன். இங்கே ஜனங்கள் அதைச் செத்த காலேஜ் என்கிறார்கள். மிருகங்களை உயிரோடு வைத்திருக்கும் இடம் உயிர் காலேஜ். எல்லோரும் திமிங்கிலத்தின் எலும்புக்கூட்டைப் பார்க்கத்தான் போகிறார்கள். நானும் அதற்குத்தான் போனேன். வழி தவறிக் கற்சிலைகள் இருக்கும் கூடத்துக்குள் நுழைந்துவிட்டேன்.

அங்கே ஒரு மூலையில் ஒரு பெண், இடுப்பில் குழந்தை. முழங்கால் உயரம்தான் இருக்கும். மூக்கு, குழந்தையின் கால் அவள் இடுப்பில் படுகிற இடத்தில் சதை அமுங்கியிருக்கிறது. கல் அமுங்கியிருக்கிறது! என்றைக்கோ எவனோ ஒருவன் தன் பெண்டாட்டி பிள்ளையை இடுக்கிக்கொண்டு நின்றதைப் பார்த்திருக்கிறான். குழந்தைக்கு முகம் இல்லை. உடைந்து போயிருக்கிறது. கூடத்தைப் பூட்டுகிறவர் வந்து வெளியே போகச் சொல்லும்வரை அதன் முன்னால் நின்றேன்.

அன்றைக்கே முடிவு செய்தேன். திரைச்சீலை இல்லை, தைல வர்ணத்தில் ஒரு படம் எழுதப் போகிறேன். தாயும் இடுப்புக் குழந்தையும். அந்தக் குழந்தைக்குச் சங்கிலியின் முகம். போன வருஷம் தை மாதம் பார்த்தது; எனக்குப் பாதிதான் ஞாபகம் இருக்கிறது. அவளை நீ இடுப்பில் வைக்கும்போது எப்படி உட்காருவாள், கையை எங்கே வைப்பாள் என்று விவரமாக எழுது.

இப்படிக்கு,
செல்வமணி

சின்னமனூர்,
யுவ வருஷம் பங்குனி 12

மச்சான் அவர்களுக்கு மூக்கம்மாள் எழுதிக்கொண்டது. இங்கு எல்லோரும் சௌக்கியம். உங்கள் உடம்பைப் பார்த்துக்கொள்ளவும். கடைச் சாப்பாடு வயிற்றுக்கு ஆகிறதா?

உங்கள் கடிதத்தை நான் இரண்டு முறை படித்துவிட்டு அண்ணனுக்கும் படித்துக் காட்டினேன். அண்ணன், "கல்லுல சதை அமுங்கியிருக்கா? மாப்பிள்ளைக்கு வெயில் தலைக்கு ஏறிருச்சா?" என்று கேட்டார். நான் சிரித்தேன். ஆனால் எனக்கு விளங்கியது. பாப்பாவைத் தூக்கித் தூக்கி என் ஒரு பக்க இடுப்பு காய்த்துப் போயிருக்கிறது.

சங்கிலி உட்காருவது இப்படி. வலது கையால் என் தாலிக் கயிற்றைப் பிடித்துக்கொள்வாள். பிடித்தால் விட மாட்டாள். இடது கை சும்மா தொங்கும், அதில் ஒரு வெற்றிலைக் காம்பு இருக்கும். கொடிக்காலுக்கு என்னோடு வந்து பழகிவிட்டாள். குதிகாலால் என் தொடையில் தட்டிக்கொண்டே இருப்பாள். மாடு ஓட்டுகிற மாதிரி.

இப்போது நன்றாகப் பேசுகிறாள். பஸ் சத்தம் கேட்டால் வாசலுக்கு ஓடி, "அப்பா வந்துட்டாகளா?" என்கிறாள். "அங்கன இல்ல ஆத்தா, மெட்ராசுல இருக்காக" என்றால், "மெட்ராசு எங்கன இருக்கு?" என்கிறாள். மேற்கு மலையைக் காட்டி அதற்கு அந்தப் பக்கம் என்று சொல்லிவிட்டேன். தப்புத் திசைதான். கிழக்கே காட்டினால் வெறும் வெட்டவெளி, அவளுக்கு ஒன்றும் தெரியாது.

கொடிக்காலில் வாடல் நோய் விழுந்து கால்வாசிக் கொடி போய்விட்டது. பொட்டிப்புரத்து மாமாவை வீரபாண்டிச் சந்தையில் பார்த்தேன். பேத்தியை வாங்கிக் கொஞ்சினார். உங்கள் பேச்சை எடுத்தேன், முகத்தைத் திருப்பிக்கொண்டார். நிலத்தை விட்டுவிட்டுக் கூத்துக்காரனோடு போனவன் என்ற கோபம் இன்னும் ஆறவில்லை.

சித்திரையில் வீரபாண்டித் திருவிழா. பாப்பாவுக்கு அங்கே காது குத்த வேண்டும். நீங்கள் அவசியம் வர வேண்டும். அந்தக் கல்லை அடித்தவர் பெண்டாட்டி பிள்ளைக்குப் பக்கத்திலேயே இருந்திருப்பார் என்று நினைக்கிறேன்.

மூக்கம்மாள்

சென்னை,
20-4-1936

மூக்கம்மாளுக்கு ஆசீர்வாதம். நான் சுகம். நீங்களும் அப்படியே என்று நம்புகிறேன்.

தாலிக் கயிறு! இது போதும் எனக்கு. உன் கடிதம் வந்த அன்றே அந்தக் கையை எழுதிவிட்டேன். குதிகாலையும் எழுதிவிட்டேன். கம்பெனிக் கொட்டகைக்குப் பின்னால் சாமான் போடும் அறையைக் காலி செய்து கொடுத்திருக்கிறார்கள். காலையில் அங்கே நல்ல வெளிச்சம். வாரம் ஒரு தடவை மியூசியத்துக்குப் போய் அந்தக் கல்லைப் பார்த்துவிட்டு வருகிறேன். காவல்காரர் பழக்கமாகிவிட்டார். "வந்துட்டியா, ஒன் சம்சாரம் அங்கயே நிக்கிது போ" என்கிறார்.

திருவிழாவுக்கு வர முடியாது. இப்போது வந்தால் கை விட்டுப் போகும். காது குத்தை உன் அண்ணன் மடியில் வைத்து நடத்திவிடு. அடுத்த மாதம் பார்க்கலாம்.

இன்னொன்று. கொடிக்கால் நோய், என் தகப்பனார் முகத்தைத் திருப்பியது, இதையெல்லாம் எழுதியிருந்தாய். அன்றைக்குப் பூராவும் எனக்குத் தூரிகை ஓடவில்லை. நான் கல்நெஞ்சக்காரன் என்று நினைக்காதே. ஒரு காரியத்தில் இறங்கியவன் மனசு தண்ணீர்ப் பானை மாதிரி, ஒரு தட்டுத் தட்டினால் கலங்கிவிடும். இந்தப் படம் முடிகிறவரை கவலைகளை எழுதாதே. சங்கிலியைப் பற்றி மட்டும் எழுது. எவ்வளவு வேண்டுமானாலும் எழுது.

செல்வமணி

சின்னமனூர்,
தாது வருஷம் ஆடி 8

மச்சான் அவர்களுக்கு,

நீங்கள் சுகமாக இருக்க வேண்டும் என்று மாரியம்மனை வேண்டிக்கொண்டு எழுதுவது.

காது குத்து நடந்தது. அண்ணன் மடியில்தான் உட்கார்ந்தாள். அழவில்லை. ஆசாரி முகத்தையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "இன்னொரு காது எங்க அப்பாவுக்கு" என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். அடுத்த மாதம் பார்க்கலாம் என்று எழுதியிருந்தீர்கள். வைகாசியும் போய் ஆனியும் போய்விட்டது.

கவலைகளை எழுத வேண்டாம், சங்கிலியைப் பற்றி மட்டும் எழுது என்றீர்கள். இது சங்கிலியைப் பற்றியது.

பாப்பாவுக்குக் குளிர் காய்ச்சல். அணையில் தண்ணீர் திறந்து வாய்க்காலெல்லாம் ஓட ஆரம்பித்தால் இங்கே வீட்டுக்கு வீடு வருகிறதுதான். ஆனால் இவளுக்கு ஒரு நாள் விட்டு ஒரு நாள் வருகிறது. மூன்று கம்பளி போட்டாலும் பல் கிட்டுகிறது. அப்புறம் உடம்பு அடுப்பாகக் கொதிக்கிறது. உத்தமபாளையத்து டாக்டர் நல்ல மனிதர், கொயினா கொடுத்திருக்கிறார். கசப்புத் தாங்காமல் கக்கிவிடுகிறாள். தேனில் குழைத்துக் கொடுத்தாலும் நாக்கால் தள்ளிவிடுகிறாள். நேற்று டாக்டர், மண்ணீரல் வீங்கியிருக்கிறது என்றார். "கொழந்தையோட அப்பா எங்க?" என்று கேட்டார். சொன்னேன்.

காய்ச்சல் ஏறும்போது உங்களைக் கூப்பிடுகிறாள். உங்களை அவளுக்கு ஞாபகம் இருக்கும் என்று நான் நினைக்கவில்லை. ஆனாலும் கூப்பிடுகிறாள். ஒரே ஒரு தடவை வந்து முகத்தைக் காட்டிவிட்டு அடுத்த வண்டியிலேயே திரும்பிப் போங்கள். நான் தடுக்க மாட்டேன்.

மூக்கம்மாள்

சென்னை,
14-8-1936

மூக்கம்மாளுக்கு,

நலம். உன் கடிதம் வந்த சமயம் கம்பெனி இரண்டு வாரம் செங்கல்பட்டுக்குப் போயிருந்ததால் பதில் தாமதம். கோபித்துக்கொள்ளாதே.

ஆடிக் காய்ச்சல் நம் பக்கத்தில் யாருக்கு வராமல் இருந்தது? எனக்குச் சின்ன வயதில் நாலு வருஷம் விடாமல் வந்தது. கொயினாவை விடாமல் கொடு. மூக்கைப் பிடித்துக்கொண்டு ஊற்றினால் இறங்கிவிடும். இந்தக் கடிதம் வருவதற்குள் எழுந்து ஓட ஆரம்பித்திருப்பாள்.

ஐப்பசியில் இங்கே பெரிய சித்திரக் கண்காட்சி. தேர்ந்தெடுக்கும் குழுவில் இருக்கும் ஒருவர் என் அறைக்கு வந்து படத்தைப் பார்த்தார். முகத்தை மட்டும் கெடுத்துவிடாதே என்று சொல்லிவிட்டுப் போனார். அவர் சொன்னது சரி. உடம்பு வந்துவிட்டது. முகம் வரவில்லை. மியூசியத்தில் கல்லுக்கு எதிரே தரையில் உட்கார்ந்து பென்சிலால் எத்தனையோ முகம் போட்டுப் பார்த்துவிட்டேன். எதுவும் நம் குழந்தையாக இல்லை.

ஒன்று கேட்க வேண்டும். காய்ச்சலில் குழந்தைகளுக்குக் கண் பெரிதாகத் தெரியும் என்பார்கள். சங்கிலிக்கு அப்படி இருக்கிறதா? இமைக்குக் கீழே என்ன நிறம்? கவனித்து எழுது.

செல்வமணி

ஜெயமங்கலம்,
ஆவணி 18

அருமைத் தங்கச்சி மூக்கம்மாளுக்கு அக்காள் கஸ்தூரியம்மாள் எழுதுவது. நான் பத்திரமாக ஊர் வந்து சேர்ந்தேன். நீ சாப்பிடுகிறாயா? அண்ணன் சொல்கிறபடி கேட்கிறாயா?

பாப்பாவை ஆற்றங்கரையில் மண்ணுக்குக் கொடுத்துவிட்டு உன்னைத் தனியாக விட்டு வந்தது எனக்கு ஆறவே இல்லை. என் பிள்ளைகளைப் பார்த்தால் அவள் ஞாபகம். கடைசிவரை அந்தக் கயிற்றை விடாமல் பிடித்திருந்தாளே.

நான் புறப்படும்போது சொன்னதைச் செய்தாயா? உன் வீட்டுக்காரருக்கு எழுதினாயா? அன்றைக்கே தந்தி அடிக்க அண்ணன் கிளம்பினார், நீதான் சட்டையைப் பிடித்து நிறுத்தினாய். துக்கத்தில் செய்கிறாய் என்று நானும் விட்டுவிட்டேன். இப்போது அப்படி இல்லை. எப்பேர்ப்பட்ட ஆளாக இருந்தாலும் பெற்ற தகப்பன். தன் பிள்ளை செத்தது தெரியாமல் ஒரு மனிதர் எங்கேயோ சோறு தின்றுகொண்டிருக்கலாமா? பாவம் உனக்குத்தான் வரும். உனக்குக் கை வரவில்லை என்றால் சொல், உன் அத்தானை விட்டு எழுதச் சொல்கிறேன்.

உடனே பதில் போடு.

கஸ்தூரியம்மாள்

சின்னமனூர்,
ஆவணி 25

அக்காவுக்கு மூக்கம்மாளின் நமஸ்காரம். அத்தானும் பிள்ளைகளும் சுகந்தானே. நான் சாப்பிடுகிறேன். கொடிக்காலுக்கும் போகிறேன். உட்கார்ந்திருந்தால் அண்ணி அழுகிறாள்.

அவருக்கு எழுதவில்லை. நீங்களும் எழுத வேண்டாம். அத்தானையும் எழுதவிட வேண்டாம்.

ஏன் என்று கேட்பீர்கள். மூன்றாம் நாள் பால் தெளித்துவிட்டு நாம் வீட்டுக்கு வந்தபோது தபால்காரர் ஒரு கடிதம் கொடுத்தாரே, அதை உங்களுக்கு நான் காட்டவில்லை. காய்ச்சலில் பாப்பாவின் கண் பெரிதாகத் தெரிகிறதா, இமைக்குக் கீழே என்ன நிறம், பார்த்து எழுது என்று கேட்டிருந்தார். அக்கா, நான் வரச் சொல்லி எழுதினேன். அதற்கு வந்த பதில் அது. வர முடியாது என்றுகூட அதில் இல்லை. வருவதைப் பற்றிய பேச்சே இல்லை.

அவர் கெட்டவர் இல்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை. குடிக்கிறவர், அடிக்கிறவர் என்றால் ஊரில் சொல்லி அழலாம். இவர் ஒரு கல்லைப் பார்த்து அழுகிறவர்.

பொட்டிப்புரத்து மாமா அன்றைக்கு வந்தாரே, பேத்தியைப் பார்த்துவிட்டு என்னிடம், "அவனுக்குச் சொல்லாத தாயி. சொன்னா அதுக்கும் ஒரு படம் போடுவான்" என்றார். கோபத்தில் சொன்னார். ஆனால் அந்த வார்த்தை எனக்குள் இறங்கிவிட்டது.

தெரிந்துகொள்ள வேண்டும் என்றால் வரட்டும். வந்து வாசலில் நின்று பிள்ளை எங்கே என்று கேட்கட்டும். அப்போது சொல்கிறேன்.

உங்கள் மூக்கு

சென்னை,
2-10-1936

மூக்கம்மாளுக்கு,

நான் சௌக்கியம். நீ சௌக்கியமா? சங்கிலி சௌக்கியமா? இரண்டு கடிதம் போட்டும் உன்னிடமிருந்து ஒரு வரி இல்லை. கோபம் என்று தெரிகிறது. நியாயந்தான். கண்காட்சி முடிந்ததும் உன் காலடியில் வந்து விழுகிறேன், போதுமா?

இப்போது கோபத்தை ஒதுக்கி வைத்துவிட்டு எனக்கு ஓர் உதவி செய். பத்து நாளில் படத்தைக் கொடுக்க வேண்டும். முகம் இன்னும் வரவில்லை. வெறும் அழகான குழந்தையாக இருக்கிறது. சோப்புப் பெட்டி மேல் ஒட்டுகிற குழந்தை. இடுப்பில் இருக்கும்போது சங்கிலி எங்கே பார்ப்பாள்? உன் முகத்தையா, தெருவையா? சிரிப்பாளா? வாய் மூடியிருக்குமா? நீ ஒருத்திதான் இதைச் சொல்ல முடியும். கெஞ்சிக் கேட்கிறேன்.

செல்வமணி

சின்னமனூர்,
புரட்டாசி 22

மச்சான் அவர்களுக்கு,

உங்கள் சுகத்துக்குக் கடவுள் துணை. நான் இருக்கிறேன்.

கேட்டதற்குப் பதில் எழுதுகிறேன். இடுப்பில் இருக்கும்போது சங்கிலி முன்னால் பார்க்க மாட்டாள். என் முகத்தையும் பார்க்க மாட்டாள். என் தோளுக்கு மேலாகக் கழுத்தைத் திருப்பி, நாங்கள் வந்த வழியைப் பார்ப்பாள். யாரோ பின்னால் வருகிற மாதிரி. நான் எவ்வளவு வேகமாக நடந்தாலும் பார்வையை எடுக்க மாட்டாள்.

சிரிக்க மாட்டாள். அந்த நேரத்தில் சிரிப்பு கிடையாது. வாய் கொஞ்சம் திறந்திருக்கும், கீழ்ப்பல் இரண்டு தெரியும். ஒரு கேள்வியைக் கேட்டுவிட்டுப் பதில் வருகிறவரை காத்திருக்கிற பிள்ளைக்கு முகம் எப்படி இருக்கும், அப்படி. புருவம் தூக்கியிருக்காது. கோபமும் இருக்காது. காத்திருப்பாள், அவ்வளவுதான்.

சங்கிலி சௌக்கியமா என்று கேட்டிருக்கிறீர்கள். அவளுக்கு இப்போது காய்ச்சல் இல்லை.

மூக்கம்மாள்

சென்னை,
16-11-1936

என் மூக்கம்மாளுக்கு ஆயிரம் ஆசீர்வாதம்.

தங்க மெடல்! உன் புருஷனுக்கு! நேற்று கண்காட்சி மண்டபத்தில் பெரிய மனிதர்களுக்கு நடுவில் என் பெயரைக் கூப்பிட்டார்கள். பத்திரிகைக்காரர்கள் எழுதியிருக்கிறார்கள். 'சேயின் விழிகள் காண்போரை விடுவதில்லை' என்று ஒருவர். அந்த விழிகள் உன் கடிதத்தில் இருந்து வந்தவை. நீ எழுதியதைப் படித்துவிட்டு ஒரே மூச்சில் முடித்தேன். அவள் திரும்பிப் பார்க்கிறாளே, அந்த வழியில் நான் நிற்கிறேன். படத்தைப் பார்க்கிறவன் எவனும் அங்கேதான் நிற்க வேண்டும்.

தை மாதம் முடியும்வரை படம் மண்டபத்தில் இருக்கும். ஒரு ஜமீன்தார் விலைக்குக் கேட்கிறார், நான் இன்னும் சரி சொல்லவில்லை. முதலில் நீங்கள் இருவரும் பார்க்க வேண்டும். திருவல்லிக்கேணியில் ஒரு வீட்டுக்குச் சொல்லி வைத்திருக்கிறேன். கார்த்திகைக்கு வருகிறேன். உங்களைக் கையோடு அழைத்து வரப்போகிறேன். படத்துக்கு முன்னால் சங்கிலியைத் தூக்கி நிறுத்தி, இது யார் என்று கேட்க வேண்டும். அவள் என்ன சொல்வாள் என்று நினைத்து நினைத்துச் சிரித்துக்கொண்டிருக்கிறேன். அவளுக்குச் சிவப்புப் பட்டுப் பாவாடை வாங்கியிருக்கிறேன். அளவு தெரியாததால் கொஞ்சம் பெரிதாகவே எடுத்திருக்கிறேன்.

உன் செல்வமணி

சென்னை,
20-12-1936

மூக்கம்மாளுக்கு,

சுகம் விசாரித்து எழுத எனக்குக் கை வரவில்லை.

ஊரிலிருந்து திரும்பி வந்து இரண்டு வாரம் படுத்துக் கிடந்தேன். கண்ணை மூடினால் அந்த ஆற்றங்கரை மண்மேடுதான் தெரிகிறது. பஸ்ஸைவிட்டு இறங்கிப் பாவாடைப் பொட்டலத்தோடு வாசலுக்கு வந்தபோது உன் அண்ணன் என்னைப் பார்த்த பார்வை அப்போது எனக்குப் புரியவில்லை. "பாப்பா எங்கன?" என்று நான் கேட்டேன். நீ முன்னால் நடந்தாய். ஏதோ தோட்டத்துக்கு அழைத்துப் போகிறாய் என்று கதை பேசிக்கொண்டு பின்னாலேயே வந்தேன். அங்கே போய் நின்று, "இங்கன" என்றாய். ஒரே ஒரு சொல்.

மூன்று மாதம் என்னை மடையனாக வைத்திருந்தாய். 'பார்ப்பாள்' என்று எழுதினாய், 'காத்திருப்பாள்' என்று எழுதினாய். நம் தமிழில் அந்தச் சொல் இருக்கிறவர்களுக்கும் ஆகும், போனவர்களுக்கும் ஆகும் என்று உனக்குத் தெரிந்திருக்கிறது. காய்ச்சல் இல்லை என்று எழுதினாயே, எப்படி எழுதினாய்? "நீங்க கேட்டதத்தான் எழுதுனேன்" என்று அங்கே நின்று சொன்னாய். எனக்கு அழக்கூட வரவில்லை. உன்னை அடிக்கக் கை ஓங்கினேன். அதற்கு மன்னித்துக்கொள். நானும் உன்னை மன்னிக்கப் பார்க்கிறேன்.

போன வாரம் எழுந்து மியூசியத்துக்குப் போனேன். வேறு எங்கே போவது? அந்தக் கல்லுக்கு முன்னால் நின்றேன். இத்தனை நாளும் குழந்தையையே பார்த்திருக்கிறேன், மூக்கு. தாயைப் பார்த்ததே இல்லை. குழந்தையின் முகம் உடைந்தது அவளுக்குத் தெரியும். தெரிந்தும் இடுப்பை வளைத்தபடியே நிற்கிறாள். அப்போதுதான் எனக்கு விளங்கியது. நான் எழுதியது பாதிப் படம். மறுபாதி, வெறும் இடுப்போடு நிற்கிற தாய். துணி கட்டிச் சட்டமும் அடித்துவிட்டேன். இது முடிந்தால் அந்த மெடல் படம் இதன் முன்னால் நிற்காது. சங்கிலிக்கு நான் செய்யக்கூடியது இனி இது ஒன்றுதான்.

அதற்கு நீ உதவ வேண்டும். உன்னைத் தவிர யாரிடம் கேட்பேன்? அன்றைக்குக் காலையில் அவள் போனதும், அவளை உன்னிடமிருந்து வாங்கிக்கொண்டு போனதும், நீ கையை என்ன செய்தாய்? எங்கே வைத்தாய்? நினைவிருக்கிற மாதிரி எழுது. அவசரமில்லை.

செல்வமணி

எழும்பூர் ஸ்டேஷன்,
தை 7

மச்சான் அவர்களுக்கு,

நீங்கள் படுத்துக் கிடந்ததாக எழுதியிருந்தீர்கள். இப்போது உடம்பு தேவலையா?

இந்தக் கடிதத்தில் சென்னை முத்திரை இருப்பதைப் பார்த்துத் திகைக்க வேண்டாம். அண்ணனும் நானும் இன்று காலை இங்கே வந்தோம். ராத்திரி வண்டிக்குத் திரும்புகிறோம். வெயிட்டிங் ரூமில் உட்கார்ந்து எழுதுகிறேன். அண்ணன் தபால் பெட்டியில் போடக் காத்திருக்கிறார்.

மண்டபத்துக்குப் போய்ப் படத்தைப் பார்த்தேன்.

திட்டத்தான் வந்தேன். உண்மையைச் சொல்கிறேன். படத்தின் முன்னால் நின்று, இது என் பிள்ளை இல்லை, இந்த மனிதருக்குத் தன் பிள்ளையின் முகம் தெரியாது என்று சத்தம் போட வேண்டும் என்று வழியெல்லாம் நினைத்துக்கொண்டு வந்தேன். கதவைத் தாண்டினதும் எதிர்ச் சுவரில் அவள் இருந்தாள். மச்சான், அவளேதான். கயிற்றைப் பிடித்திருக்கிற கை. கீழ்ப்பல் இரண்டு. அண்ணன் ஒரு தடவை பார்த்துவிட்டு, "ஆத்தா, என்னால ஆகாது" என்று வெளியே போய்விட்டார்.

நான் நின்றேன். எனக்குப் பக்கத்தில் ஒரு அம்மாள், நல்ல படிப்புள்ளவர் போல இருந்தார், தன் பேரனைத் தூக்கிக் காட்டினார். "பாருடா, பாப்பா உன்னையே பார்க்கறா. என்ன கேக்கறா சொல்லு" என்றார். அப்புறம் என்னைப் பார்த்து, "நீங்க தெக்கத்திப் பக்கமா? உங்களைப் போலத்தான் சேலை கட்டியிருக்கா" என்றார். "ஆமா" என்றேன். என்னை அவருக்கு அடையாளம் தெரியவில்லை. படத்தில் நான் அழகாக இருக்கிறேன்.

நன்றாக எழுதியிருக்கிறீர்கள். இதைச் சொல்லாவிட்டால் பொய்யாகும். நான் இரண்டரை வருஷம் தூக்கிச் சுமந்து பார்த்ததை, நீங்கள் பக்கத்தில் இல்லாமலே பார்த்துவிட்டீர்கள். இவ்வளவு பார்க்கத் தெரிந்தவர் வந்திருக்கலாம். படம் கெட்டதாக இருந்தால் உங்களை மன்னித்திருப்பேன். தெரியாத மனிதர், என்ன செய்வார் என்று விட்டிருப்பேன்.

வெளியே வந்ததும் அண்ணன், "மாப்பிள்ளையப் பாத்துட்டுப் போவமா?" என்று கேட்டார். கொட்டகை கிட்டத்தில்தான் என்று யாரோ சொன்னார்கள். வேண்டாம் என்றேன்.

ஊருக்குப் போய் நான் சின்னமனூரில் இருக்கப் போவதில்லை. அக்காள் ஜெயமங்கலத்துக்குக் கூப்பிடுகிறாள். அங்கே பள்ளிக்கூடத்தில் சின்னப் பிள்ளைகளுக்கு அரிச்சுவடி சொல்லிக்கொடுக்க ஆள் வேண்டுமாம். பட்டுப் பாவாடையை அக்காள் மகளுக்குக் கொடுத்துவிட்டேன். அவளுக்குச் சரியாக இருந்தது.

அன்றைக்குக் காலையில் நான் கையை என்ன செய்தேன் என்று கேட்டிருந்தீர்கள். எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. நான் சொல்ல மாட்டேன். அவள் உட்கார்ந்ததைக் கேட்டீர்கள், கொடுத்தேன். அவள் பார்த்ததைக் கேட்டீர்கள், கொடுத்தேன். இந்த ஒரு காலை நேரம் என்னுடையது. இதை நீங்கள் பார்க்கவில்லை, பார்க்கவும் முடியாது.

வண்டி பிளாட்பாரத்துக்கு வந்துவிட்டதாக அண்ணன் சொல்கிறார். நேரத்துக்குச் சாப்பிடுங்கள். பதில் போட வேண்டாம்.

மூக்கம்மாள்